கோதுமை படாத பயணம்

ஜூன் 3

தம்பிக்கு,

இனிமேல் உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீ இரண்டு சொல்கிறாய், நீ முடிப்பதற்குள் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். நீ தங்கப்போகும் இடங்களின் முகவரியை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனது நல்லதாயிற்று.

நீ கிளம்பிய அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. என் வீட்டில், என் மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உன் தட்டை வைத்துச் சாப்பிட்டாய். நான் போட்டுக் கொடுத்த காபியைத் தொடக்கூட இல்லை. கோப்பை பேக்கரிக் கோப்பையாம். போகிற போக்கில், "அக்கா, உன் கடைக் காத்துகூட எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். இருபத்தாறு வருடமாக அந்தக் காற்றில்தான் மாடியில் படுத்து எழுந்தாய். அப்பா போனபின் என் ரொட்டி அடுப்புதான் உன்னைப் படிக்க வைத்தது. டாக்டர் கோதுமை ஆகாது என்றார், சரி. அக்கா ஆகாது என்றும் சொன்னாரா?

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பெட்டியில் ஆறு கேக் இருக்கிறது. அரிசி மாவு, பாதாம் தூள், முட்டை, வெண்ணெய், சர்க்கரை. பாத்திரம் புதுசு, கரண்டி புதுசு, சல்லடை புதுசு, கேக் வார்க்கும் டின்கூடப் புதுசு. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி, தரை முதல் கூரை வரை கழுவிவிட்டு ஒற்றை ஆளாக நின்று செய்தேன். உனக்காக நான் இப்படித் தரை தேய்த்ததைக் கேட்டுக் கல்லாக்காரம்மாவுக்கே சிரிப்பு. வழியில் பசித்தால் கண்டதையும் வாங்கித் தின்னாமல் இதைச் சாப்பிடு. அடுத்த வாரமும் அனுப்புவேன்.

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

பார்சல் உடையாமல் வந்தது. லாட்ஜ் மேனேஜர் கையெழுத்து வாங்கும்போதே வாசனை பிடித்துவிட்டார். நான் கொடுக்கவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு கேக்கைத் தின்றேன். ஆறு வாரத்துக்கு அப்புறம் இனிப்பு. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

செய்தித்தாள் விஷயத்தில் நீ கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் டாக்டர் பேசியதை நீ பாதிதான் கேட்டாய். கடையிலிருந்து போன் வந்ததென்று எழுந்து போனாய். குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற பசைச்சத்து. மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அதேதான். உன் தொழில் அதில்தான் நிற்கிறது, என் குடலோ அதைக் கண்டால் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது. முழு ரொட்டி வேண்டியதில்லை, ஒரு துணுக்கு போதும். அதனால்தான் செய்தித்தாள். உன் மேசையைச் சொல்லவில்லை அக்கா, துணுக்கைச் சொன்னேன். வாய் தவறி உன் மனசில் இடித்துவிட்டது.

சாலையில் சாப்பிடுவது பெரிய வித்தையாக இருக்கிறது. குழம்பு கெட்டியாக இருந்தால் மைதா கரைத்திருப்பார்கள். சோயா சாஸில் கோதுமை இருக்கிறது, இத்தனை நாள் யாருக்குத் தெரியும்? உருளைக்கிழங்கு வறுவலில் ஒன்றுமில்லை, ஆனால் மாவில் தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் அதையும் போட்டு எடுக்கிறார்கள். நேற்று ஒரு ஓட்டலில், "இதுல மைதா இருக்கா?" என்று கேட்டேன். "இல்லவே இல்ல சார், கொஞ்சம்தான் போட்டிருக்கோம்" என்றார். நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்துவிட்டேன். இனி வண்டியிலேயே சின்ன அடுப்பில் சோறு வைத்து, முட்டை அவித்துக்கொள்ளப் போகிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. இன்று ஒரு கிடங்கில் இரண்டு எடை மெஷின்களைச் சரிசெய்தேன். முடித்ததும் வழக்கம்போல நானும் ஏறி நின்றேன். கிளம்பும்போது 54.2 இருந்தேன், இப்போது 53.6. இரண்டு மாதம் கோதுமை படாமல் இருந்தால் ரத்தப் பரிசோதனையில் இந்த நோயைக் காட்டுகிற எண் இறங்க வேண்டும், எடை ஏற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இறங்காவிட்டால் வயிற்றுக்குள் குழாய் விட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வேறு ஏதாவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் இப்படித்தான் மெலிய ஆரம்பித்தார், இல்லையா?

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

அப்பாவைப் பற்றி இன்னொரு முறை எழுதினால் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன். அவருக்கு வந்தது வேறு. உனக்கு வந்தது கோதுமை. டாக்டர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

எடை ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரியும். நீ வெளியே தின்கிறாய். என்னிடம் மறைக்காதே. பதினாலு வயதில் ஆறிக்கொண்டிருக்கும் பன்னை உள்பக்கம் சுரண்டித் தின்றுவிட்டு, மேல்தோல் கெடாமல் தட்டில் திருப்பி வைத்தவன் நீ. வாங்கிப் போனவர் கடித்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். அந்த நாக்கு மாறியிருக்கும் என்று நம்ப நான் என்ன மடச்சியா? இரவு லாட்ஜில் தனியாக இருக்கிறாய், எதிரே சூடாக ஏதாவது வாசனை வரும், கால் தானாகப் போகும்.

வாயைக் கட்டு. இந்த முறை எட்டு கேக் வைத்திருக்கிறேன். அந்தக் குழாய் பரிசோதனைக்கு நீ போகிற நிலை வந்தால் என்னால் தாங்க முடியாது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான், நீ சின்னப் பையன்.

அக்கா

ஜூன் 24

அக்கா,

நான் திருடித் தின்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தொன்பது வயதில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இணைத்திருக்கிறேன். தராசு வேலை பார்க்கிறவன், எழுதாமல் எதையும் விடமாட்டேன். தேதி, சாப்பிட்டது, வயிறு, எடை. பன்னிரண்டு நாளாக வெளிச் சாப்பாடு வாயில் படவில்லை. நான் வைத்த சோறு, நான் அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, பழம், நீ அனுப்பிய கேக். அவ்வளவுதான். பல் தேய்க்கும் பேஸ்ட்டைக்கூட மாற்றிவிட்டேன். அப்படியும் வயிறு கல்லாய் உப்புகிறது, நாலு முறை ஓடுகிறேன். இன்று 52.1.

உப்புக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்க முடியவில்லை. அங்கிருந்த லோடுமேன் தூக்கி வைத்தார். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை, நீயோ என்னைத் திருடன் என்கிறாய். இனி எதுவும் அனுப்பாதே. என்னை நம்பாதவள் கையால் எனக்கு ஒன்றும் வேண்டாம். எனக்கு ஏதாவது ஆனால் வண்டியின் பத்திரம் மாடி அறைப் பெட்டியில் இருக்கிறது.

தம்பி

ஜூலை 15

அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வண்டிப் பத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. அது உன்னை எங்கே அடித்திருக்கும் என்று தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. மன்னித்துவிடு.

முதலில் கெட்ட செய்தி. போன மாதக் கடைசியில் ரத்தம் கொடுத்திருந்தேன். எண் இறங்கவே இல்லை, முன்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது. டாக்டர் போனில் கூப்பிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எங்கேயோ கோதுமை உள்ள போகுதா?" என்று மூன்று முறை கேட்டார். துளிகூட இல்லை என்று அடித்துச் சொன்னேன். நான் சமைக்கிறேன், மிச்சத்தை என் அக்கா செய்து தருகிறாள், அவள் தரையைக்கூடக் கழுவிவிட்டுச் செய்கிறவள் என்றேன். அப்படியானால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதுதான் என்று ஆகஸ்ட் 5க்கு நாள் குறித்துவிட்டார். போனை வைத்தபின் வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.

ஆனால் ஒரு அதிசயம். இந்த மூன்று வாரமாக வயிறு அமைதியாக இருக்கிறது. இப்போது வேலை பார்ப்பது ஒரு மீன் பதனிடும் ஆலையில். அங்கே கேன்டீன் சமையல்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி எடுத்து வைத்துவிட்டார். சோறும் வேகவைத்த மீனும். "சார், இது உங்க கரண்டி, வேற எவன் தொட்டாலும் கையை ஒடிச்சிருவேன்" என்றார். நேற்று 53.9. இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது போல. இல்லையென்றால் விளக்கு அணையுமுன் கொஞ்சம் பிரகாசமாக எரியுமே, அதுவோ என்னவோ. இப்படியெல்லாம் தோன்றுகிறது, சிரிக்காதே.

கேக் இல்லாதது கஷ்டமாக இருக்கிறது. கோபம் தீர்ந்ததும் அனுப்பு.

தம்பி

ஜூலை 20

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்காதே.

உன் மேல் கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். நீ அனுப்பிய தாளைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பத்திரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அப்படியே மடித்து மாவு மூட்டைக்குப் பின்னால் வீசிவிட்டேன். உன் ஜூலைக் கடிதம் வந்தபின் தேடி எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீ எழுதிய நாளில் எல்லாம், கேக் என்று இருக்கிற இடத்துக்குக் கீழே வயிறு மோசம் என்று இருக்கிறது. கேக் நின்றதும் வயிற்றுப்போக்கும் நின்றிருக்கிறது. எடை போடத் தெரிந்தவனுக்கு இதைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லையே. உனக்கு எங்கே தெரியும், அக்கா செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டாய்.

அரிசி மாவுப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமானது. பாதாம் சுத்தம். பாத்திரம் சுத்தம். புத்தி பேதலித்துவிடும் போல இருந்தது. நேற்று கடையை மூடியதும் கல்லாக்காரம்மாவை நிறுத்தி, நான் செய்யச் செய்ய என் கையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள் என்றேன். அவருக்குச் சமையலும் தெரியாது, பேக்கரியும் தெரியாது. பத்து வருடமாகச் சில்லறை மட்டும்தான். கல்லாவைவிட்டு இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

கலவையைக் கலந்தேன். டின்னில் வெண்ணெய் தடவினேன். ஊற்றப் போனேன். அப்போது அவர், "ஏம்மா, இப்ப தூவுனீங்களே, அது என்ன மாவு?" என்றார்.

நான் எதுவும் தூவவில்லை என்றேன். நான் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் தம்பி. அவர் டின்னைத் திருப்பிக் காட்டினார். வெண்ணெய்க்கு மேல் வெள்ளையாக, சுற்றிலும், ஒரு இடம் விடாமல் மைதா. மேசைக்கு வலதுபக்கம் எட்டும் உயரத்தில் தூவுகிற மாவு டப்பா இருக்கிறது. வெண்ணெய் தடவிய கை அடுத்து அங்கேதான் போகும். ஒரு சிட்டிகை எடுத்து, டின்னுக்குள் போட்டு, சுற்றி, தட்டிவிடும். கேக் ஒட்டாமல் வர இருபத்தாறு வருடமாக அதைச் செய்கிறது. என்னைக் கேட்டுச் செய்வதில்லை. தரையைக் கழுவினேன், கூரையைத் துடைத்தேன், இந்தக் கையை விட்டுவிட்டேன்.

நீ வெளியே திருடித் தின்கிறாய் என்று எழுதிய அதே நாளில் எட்டு டின்னில் மைதா தூவியிருக்கிறேன். டாக்டரிடம் என்னை நம்பிச் சத்தியம் பண்ணியிருக்கிறாய். என் கையாலேயே உனக்கு விஷம் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஜூலை 26

அக்கா,

எடைமேடையின் மேல் நின்றுகொண்டுதான் படித்தேன். நீ சொன்னபடி உட்கார அங்கே நாற்காலி இல்லை. படித்து முடித்ததும் அங்கேயே சிமெண்டில் உட்கார்ந்து சிரித்தேன். காவலாளி ஓடி வந்தார். "என்ன சார், நல்ல சேதியா?" என்றார். என் அக்கா எனக்கு ரெண்டு வாரமா விஷம் வச்சிட்டு இருந்திருக்கா என்றேன். அவர் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

உனக்குப் புரிகிறதா? கோதுமை உள்ளே போயிருக்கிறது! எண் இறங்காததற்குக் காரணம் இருக்கிறது. நான் மெலிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அப்பாவுக்கு வந்தது இல்லை, மைதா! ஆறு வாரமாக ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும்போது விலா எலும்பை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்படி ஒரு நல்ல செய்தியை என் வாழ்க்கையில் யாரும் எனக்கு எழுதியதில்லை. நீ அழுதுகொண்டு எழுதியிருக்கிறாய், எனக்கு இங்கே போன உயிர் திரும்பி வந்தது.

உன்னைத் திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். மடச்சி, ஒட்டாமல் இருக்க அரிசி மாவையே தூவியிருக்கலாமே.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் சிரித்துவிட்டார், ஆனால் குழாய்ப் பரிசோதனையை விடவில்லை. நாள் குறித்தது குறித்ததுதான், ஒரேயடியாகச் சந்தேகம் தீரட்டும் என்றார். அதனால் இன்னும் கொஞ்சம் பயம் பாக்கி இருக்கிறது. ஆகஸ்ட் 5 வரை உன் கையைத் திட்டாதே. என்னைத் தூக்கி வளர்த்த கை அது.

தம்பி

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே போய்த் தேடாதே. ஒன்றுமே இல்லை. குழாய் விட்டு, சதை எடுத்துப் பார்த்து, கெட்டது எதுவும் கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். குடல் புண்ணாகித்தான் இருக்கிறது, கோதுமை படாமல் இருந்தால் மெல்ல ஆறிவிடுமாம். இன்று காலை 55.3. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், டாக்டர் கையெழுத்தை நீயே பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம், கோபப்படாமல் படி. நான் திரும்பி வந்ததும் மாடி அறையில் இருக்க முடியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். கீழே நாள்பூராவும் மாவு பறக்கிறது, படிக்கட்டில் படிகிறது. நீ கடையை மூடிவிடுகிறேன் என்று கிளம்புவாய் என்று தெரியும். அந்தப் பேச்சே வேண்டாம். உன் கடைக்குப் பின்தெருவில் ஒரு அறையும் சமையலறையும் காலியாக இருப்பதாக லாண்டரிக்காரர் போனில் சொன்னார், முன்பணம் கொடுத்துவிட்டேன். நடந்தால் மூன்று நிமிடம்.

அன்றைக்குக் கடைக் காற்று ஆகாது என்று சொன்னது உண்மைதான் அக்கா. சொன்ன விதம்தான் தப்பு. நீ ஆகாது என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை. அடுத்த வாரக் கடைசியில் ஊர் வந்துவிடுவேன், அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வா. நான் சமைக்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

டாக்டர் எழுதிய தாளைக் கல்லாக்காரம்மா எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது. அதன்பின் கடையை அவரிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போய், உன் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பா போன அன்று அழாததையும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். இறங்கி வந்தபோது உடம்பே லேசாக இருந்தது.

பின்தெரு அறை விஷயம் படித்ததும் முதலில் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடையை மூடிவிடுகிறேன் என்று ஒரு கடிதமும் எழுதினேன். கிழித்துவிட்டேன். நீ சொல்வது சரி. மூன்று நிமிடம்தானே. நேற்று நடந்து பார்த்தேன், எனக்கு நாலு நிமிடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தலைக்குக் குளித்து, கடைக்குள் ஒருமுறையும் போகாத புடவையைக் கட்டிக்கொண்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறேன். செருப்பை வாசலிலேயே விடுகிறேன். உன் மேசைமேல் செய்தித்தாள் விரித்திருந்தாலும் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் சங்கடமாக இருக்கிறது. நான் இத்தனை வயதில் யார் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் இல்லாமல் போனதில்லை. பிரசவம் பார்க்கப் போனாலும் துக்கம் கேட்கப் போனாலும் கையில் ஏதாவது இருக்கும். நேற்று ஒத்திகை பார்க்கப் போனபோதுகூடக் கை தானாகக் கேக் அலமாரிப் பக்கம் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

உன் வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறேன் தம்பி. கதவைத் திற. நிறையச் சமைத்து வை, எனக்கு இரண்டு மாதமாகப் பசியே இல்லை, இப்போது பசிக்கிறது.

அக்கா